நாற்பத்தொரு கோடிப் புள்ளிகளும் ஒரு தெரிவுக் குழுவும்

மலைச்சரிவு மாதிரியாக்கச் சபை இதுவரை ஒரு மலையையும் மாதிரியாக்கியதில்லை. சபை அதை ஒரு குறையாகக் கருதியதும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அதன் மூன்று மாடிக் கட்டடத்தில் மலைகளைப் பற்றிய கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தக் கோப்புகள் சரிந்துவிடாமல் இருக்க ஒவ்வோர் அலுமாரிக்கும் இரும்புச் சட்டம் அடித்திருந்தார்கள். சபையின் வரலாற்றில் ஒரு கோப்பும் சரிந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாடு சபைக்கு லேசர் வருடி ஒன்றை அன்பளிப்புச் செய்தது. அது மூன்று காலில் நின்று தலையைச் சுற்றும். சுற்றும்போது ஒளிக்கதிரை வீசி, அது பட்டுத் திரும்பும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். ஒரு மலையைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் புள்ளிகள் வெறும் தூசிதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, ஒரு வலையைப் போல மேலே போர்த்தினால்தான் தூசி மலையாகும். அந்த வேலையைச் செய்கிற மென்பொருள் அன்பளிப்பில் இல்லை. அடுப்பைத் தந்தவர்கள் சட்டியைத் தர மறந்துவிட்டார்கள்.

வருடியை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜஹானா. முப்பத்துநான்கு வயது. சத்தம் போட்டுப் பேசாதவள். தான் பேசுவதைத் தானே சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பது போன்ற ஒரு பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் கூட்டங்களில் பேச வேண்டிய நேரத்தில் பேசாமல், பேசியிருக்க வேண்டியதை பஸ்ஸில் போகும்போது பேசுவாள்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே நீலாவத்தைத் தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஆறு லயங்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள், நூற்று அறுபத்து மூன்று பேர். லயங்களுக்குப் பின்னால் எழும் தேயிலைச் சரிவில் பிறை வடிவில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. ஜஹானா பெப்ரவரியில் ஒருமுறை அந்தச் சரிவை வருடினாள். ஜூனில் மறுபடி போனாள். இரண்டு தடவைக்குமாகச் சேர்ந்தது நாற்பத்தொரு கோடிப் புள்ளிகள்.

ஜூனில் அவள் கருவியை மடித்து வைக்கும்போது பாலாம்பிகை வந்து பக்கத்தில் நின்றாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு.

"மிஸ், காம்பராக் கதவு மூட மாட்டேங்குது. போன மாசம் ஆசாரி வந்து சீவி விட்டுட்டுப் போனாரு. இப்ப மறுபடி இடிக்குது. கதவு வளரும்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

"கதவு வளரல்ல அக்கா. செவர் சாயுது."

பாலாம்பிகை சுவரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தாள். "அப்ப போயிரணுமா?"

"கடிதம் வரும். வந்த ஒடன போகலாம்."

"கடிதம் இல்லாம எறங்கினா எங்க லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. கடிதம் காட்டினா லொறியும் தாறேன்னாரு. சீக்கிரமா அனுப்புங்க மிஸ். முப்பத்தோரு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் மலையையே பாத்துக்கிட்டிருக்கேன்."

கடிதம் அனுப்புவது சிரமமான வேலையல்ல. சபையின் ஏழாம் சுற்றறிக்கை அதற்கான வழியைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. சரிவு நகர்வதாகக் கண்டால் மக்களை வெளியேற்றும் கடிதத்தைச் சபை வழங்கலாம். கடிதத்துடன் அச்சரிவின் வலைமாதிரியை இணைத்தல் வேண்டும். வலைமாதிரி அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளால் ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள் எதுவும் இல்லாதபடியால் அதைத் தெரிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவர் பிரதிப் பணிப்பாளர் வீரசிங்கம். அவர் தலைமையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுகூட இதுவரை பிழையானதில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு முடிவை எடுத்து அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. மற்ற இருவர், களஞ்சியப் பொறுப்பாளர் மர்சூக்கும் சட்ட உத்தியோகத்தர் துஷானியும். கூட்டக் குறிப்பு எழுதுவது ஜஹானாவின் வேலை.

"பிள்ளை, அவசரம் எண்டு எழுதியிருக்கிறீர்," என்றார் வீரசிங்கம் முதல் கூட்டத்தில். "அவசரம் எண்டுறது ஒரு கருத்து. குழுவுக்குக் கருத்து வேண்டாம். தகவல்தான் வேணும்."

"மழைக்கு முந்தி ஆக்கள எறக்கணும் சேர்."

"எந்த மழை?"

"ஐப்பசி மழை சேர்."

"எத்தினையாம் திகதி?"

ஜஹானா சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"பாத்தீரே, திகதி இல்லை. குறிப்பில எழுதும். மழையின்ர திகதியை உறுதிப்படுத்துமாறு உத்தியோகத்தர் கேட்கப்பட்டார்."

ஜஹானா எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. எழுதி முடித்த பிறகுதான் தான் என்ன எழுதினோம் என்று வாசித்துப் பார்த்தாள்.

மூன்று நிறுவனங்களிடம் விலைமனு கோரப்பட்டது. சபையின் கொள்வனவு விதிப்படி ஒவ்வொரு விலைமனுவோடும் பொருளின் மாதிரி ஒன்றை முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். மேசை வாங்கினாலும், சவர்க்காரம் வாங்கினாலும், மென்பொருள் வாங்கினாலும் விதி ஒன்றுதான். முதலாவது நிறுவனம், இந்தத் தொழிலுக்குப் புதிதோ என்னவோ, இணைய முகவரி ஒன்றை அனுப்பி அதில் முயன்று பார்க்கச் சொல்லியது. இணைய முகவரிக்கு அரக்கு முத்திரை வைக்க முடியாதபடியால் அது நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது நிறுவனம் ஒரு காட்போட் பெட்டி அனுப்பியது. மூன்றாவது நிறுவனம் நெடுங்காலமாக அரசாங்கக் காரியாலயங்களோடு பழகியது. அது இரண்டு பெட்டி அனுப்பியது. திறந்து பார்த்தபோது ஒவ்வொரு பெட்டியிலும் 'மென்பொருள்' என்று அச்சடித்த ஒரு தாள் இருந்தது.

பெட்டிகளை மதிப்பிட நான்கு கூட்டங்கள் எடுத்தன. இடையில் பெரஹரா ஊர்வலத்துக்காகக் கண்டியில் வீதிகள் மூடப்பட்டபோது குழு பத்து நாள் ஓய்ந்திருந்தது. ஜஹானா பெட்டிகளைத் தராசில் வைத்து நிறுத்தாள். ஒரு கிலோ இருநூறு கிராம். ஒரு கிலோ எழுநூறு கிராம்.

"ரெண்டு பெட்டிக்காரன்ட சாமான்தான் கனதி," என்றார் மர்சூக். "கனதியான சாமான் லேசில பழுதாகாது. நான் கதிரை வாங்கினதில கண்ட அனுபவம்."

அந்த மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஜஹானா பிலிமத்தலாவையில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிகணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய கணவன் அரூஸ் கணித ஆசிரியர். பாடம் தயாரிக்க வைத்திருந்த கணினி அது. உலகத்தில் எங்கோ சில பல்கலைக்கழகப் பிள்ளைகள் சேர்ந்து செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஒரு மென்பொருளை அவள் அதில் இறக்கினாள். விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுத் தொடங்கிய வேலை பின்னேர அஸர் தொழுகை வரையும் ஓடியது. கணினி கொதித்து, அதன் காற்றாடி கத்தியது. அரூஸ் அதன் கீழே இரண்டு கரண்டிகளை வைத்துக் காற்றுப் போக வழி செய்தான்.

முதலில் பெப்ரவரி மலை வந்தது. பிறகு ஜூன் மலை. இரண்டு வலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேறுபடும் இடத்துக்குச் சிவப்பு நிறம் கேட்டாள். லயங்களுக்கு நேர் மேலே, பிள்ளைக் காம்பராவின் முதுகில் சாய்ந்தாற்போல, ஒரு சிவப்பு வயிறு புடைத்துக்கொண்டு நின்றது.

"எவ்வளவு?" என்று அரூஸ் கேட்டான்.

"பதினொரு சென்றிமீற்றர் கீழ வந்தீக்குது."

"அது கூடவா, கொறயவா?"

"மலைதானே. ஒண்டே கூடத்தான்."

அவன் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜஹானாவுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. தெரிந்துவிட்டது அல்லவா, இனி யார் மறுக்க முடியும் என்று நினைத்தாள். முப்பத்துநான்கு வயதிலும் மனிதருக்கு இப்படி நினைக்க முடியும் என்பதை அவள் பிறகு பல தடவை ஆச்சரியத்தோடு எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் படத்தை மேசையில் வைத்தாள். வீரசிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வடிவா இருக்கு. மென்பொருள் என்ன விலை?"

"இலவசம் சேர்."

ஜஹானா ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல துஷானி குனிந்து தன் பேனையைப் பார்த்தாள்.

"பிள்ளை, நான் ஆறுதலாச் சொல்லுறன், கேளும். இலவசம் எண்டா விலைமனு இல்லை. விலைமனு இல்லாட்டி மூண்டு விலைமனு இல்லை. மூண்டு இல்லாட்டி ஒப்பிடேலாது. ஒப்பிடாமல் எடுத்தால் அதுக்குப் பேர் ஊழல்."

"காசே குடுக்காம எப்பிடி சேர் ஊழல்?"

"அதிலதான் ஆபத்து. காசு குடுத்திருந்தா எங்க போச்சுதெண்டு பிடிக்கலாம். குடுக்காத காசை ஆர் பிடிக்கிறது?"

படம் 'அங்கீகரிக்கப்படாத வலைமாதிரி' என்று பெயரிடப்பட்டு, கடித உறையில் போடப்பட்டு, இரும்புச் சட்டம் அடித்த அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. சாவியை வீரசிங்கம் வைத்துக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தால் குழுவுக்குப் புள்ளிகளின் மீது கவனம் திரும்பியது. அதற்கு முன் பெட்டிகளில் மூழ்கியிருந்ததால் புள்ளிகளை யாரும் யோசித்திருக்கவில்லை. ஜஹானா மரியாதையாக 'நானா' என்று அழைக்கும் மர்சூக் ஒரு பெரிய பதிவு இடாப்புடன் வந்தார்.

"மகள், நாப்பத்தொரு கோடிப் புள்ளி எண்டு சொல்றீங்க. அது காரியாலயத்துக்கு வந்த சாமான்தானே?"

"சாமான் இல்ல நானா. தரவு."

"வெளியில ஈந்து உள்ள வந்தா அது சாமான்தான். நான் இருவத்தெட்டு வருஷம் களஞ்சியத்தில ஈக்கிறேன். ஒரு கதிரைக்கால் இலக்கம் போடாம இந்தக் கேற்றத் தாண்டினதில்ல. இந்தப் புள்ளிகள்ள ஒண்டுக்காவது இலக்கம் ஈக்கா?"

எல்லாப் புள்ளிக்கும் இலக்கம் இருக்கிறது, கருவியே போட்டுக்கொள்ளும் என்று ஜஹானா சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. பிறகு, வலையாக்கும்போது எத்தனை மிஞ்சும் என்று கேட்டார். நெருக்கமான புள்ளிகளை மென்பொருள் சேர்த்துவிடும், ஏறக்குறைய இருபது லட்சம் முக்கோணம் வரும் என்று அவள் உண்மையைச் சொன்னாள். மர்சூக் இடாப்பை மூடினார்.

"நாப்பத்தொரு கோடி உள்ள வந்து இருவது லட்சம் வெளிய போனா, மிச்சத்த யார் எடுத்தது?"

அரசாங்க உடைமை குறைவதானால் அதைக் கழிவுப் பொருளாக அறிவிக்க மூவர் கொண்ட பரிசோதனைச் சபை அமைத்து, ஒவ்வொன்றையும் பார்வையிட்டு, பாவனைக்கு உதவாது என்று ஒப்பமிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு அறுபது புள்ளி வீதம், அலுவலக நேரத்தில் மட்டும் பார்த்தால் எத்தனை காலம் ஆகும் என்று ஜஹானா மேசைக்குக் கீழே கணக்குப் பார்த்தாள். ஐம்பது வருடத்தைத் தாண்டியது. ஏழாவது கூட்டம் அத்துடன் முடிந்தது.

பத்தாவது கூட்டத்தில் துஷானி தேயிலையைக் கொண்டுவந்தாள். அவள் கெட்டிக்காரி, அறையில் இருந்தவர்களில் வலைமாதிரி என்றால் என்ன என்று வாசித்துத் தெரிந்துகொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அதுவே வினையாயிற்று.

"மென்பொருள் முதல்ல செடிகளை நீக்கிட்டுத்தான் மண்ணைக் காட்டும்னு வாசிச்சேன். அப்படித்தானே ஜஹானா?"

"ஓ. தேயில மறைக்கிற புள்ளிகள எடுத்துடும்."

"தேயிலைச் செடி தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். நாங்க அவங்களோட சம்மதம் இல்லாம எப்படி எடுக்கிறது?"

"நெசமாப் புடுங்கிறதில்ல துஷானி. படத்திலதான்."

"தெரியும். ஆனா நாளைக்குக் கம்பனி வழக்குப் போட்டா, படத்தில செடி இல்லையேன்னு கேட்டா, நான்தானே கோர்ட்ல நிக்கணும்?"

கம்பனிக்குக் கடிதம் போயிற்று. கம்பனி கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பியது. ஐந்து வாரம் கழித்து, எத்தனை செடிகள் என்று குறிப்பிடும்படி கேட்டுப் பதில் வந்தது.

பாலாம்பிகை வாரம் ஒருமுறை தொலைபேசி எடுப்பாள். பெரும்பாலும் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணி கலங்கி வருகிறது என்பாள். வெடிப்புக்குள் முதலில் கை போனது, இப்போது கால் போகிறது என்பாள். ஒக்டோபர் நடுவில் ஒருநாள் அவள் கேட்டாள்:

"என்னா மிஸ், கடிதம் எழுத ஆள் இல்லையா? நம்ம ஸ்கூல் புள்ளைங்க நல்லா எழுதும், அனுப்பி வெக்கவா?"

"உங்களது கோரிக்கை குழுவின் பரிசீலனையில் உள்ளது," என்றாள் ஜஹானா.

"சரிங்க மேடம்," என்றாள் பாலாம்பிகை. அதுவரை அவள் மேடம் என்று அழைத்ததில்லை.

தொலைபேசியை வைத்த பின் ஜஹானா தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வசனம் அதற்குள் எப்போது குடிவந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குத் தெரியும். போன கூட்டத்தில் வீரசிங்கம் ஒரு விதி இலக்கத்தைத் தவறாகச் சொன்னபோது அவள் திருத்தினாள். அவர் 'நல்லது பிள்ளை' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் உள்ளே ஏதோ ஒன்று வாலாட்டியது. மலை சரிந்து பிள்ளைகள் புதையுண்டால் அதற்கு வீரசிங்கம் மட்டும் காரணமாக இருக்கப்போவதில்லை. அந்த வாலும்தான்.

நவம்பரில் மழை தன் திகதியைத் தானே உறுதிப்படுத்தியது. நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு கூடிய பதினேழாவது கூட்டம் யாரும் எதிர்பாராத விதமாக, இரண்டு பெட்டி அனுப்பிய நிறுவனத்தின் மென்பொருளைக் கொள்கையளவில் தெரிவு செய்தது. ஒப்பமிடுமுன் வீரசிங்கம் ஒருமுறை நிமிர்ந்து கேட்டார்:

"இந்தப் புள்ளிகள் எப்ப எடுத்தது?"

"ஜூன் சேர்."

"இப்ப நவம்பர். பழைய புள்ளியைப் புது மென்பொருளுக்குள்ள போடேலாது. போய்ப் புதுசா எடுத்துக்கொண்டு வாரும்." முடிவிலிருந்து தப்பிய நிம்மதி அவருடைய முகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது.

மறுநாள் காலை சபையின் ஜீப்பில் ஜஹானா நீலாவத்தைக்குப் போனாள். மழைக்குள் வருடி வேலை செய்யாது. விழுகிற ஒவ்வொரு துளியையும் அது மலை என்று எண்ணிக் குறித்துவிடும். அது தெரிந்தும் அவள் கருவியை இறக்கினாள். பிறகு வெடிப்பின் பக்கமாக ஏறிப் பார்த்தாள். ஜூனில் கோடாக இருந்தது இப்போது ஆள் உயரப் படியாக இறங்கியிருந்தது. மேற்படியில் நின்ற தேயிலைச் செடிகளின் வேர்கள் காற்றில் தொங்கின. அவள் கீழே பார்த்தாள். காம்பராவின் தகரக் கூரையிலிருந்து பிள்ளைகள் எதையோ கூட்டமாகப் பாடும் சத்தம் வந்தது.

கருவியை அவள் விரிக்கவேயில்லை.

காம்பரா வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்த சபையின் கடிதத்தாளில் எழுதினாள். இச்சரிவு நகர்ந்துகொண்டிருக்கிறது. இங்கு குடியிருக்கும் நாற்பத்திரண்டு குடும்பங்களும் இன்றே வெளியேற வேண்டும். பெயரையும் பதவியையும் எழுதி, ரப்பர் முத்திரையைக் குத்தினாள். முத்திரை வைக்கும் சத்தத்தைக் கேட்டு உள்ளே ஒரு குழந்தை விழித்தது.

தோட்டத்துரை கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இணைப்பு எங்க?"

ஜஹானாவின் வாய் தானாகவே திறந்தது. "இணைப்பு பின்னர் அனுப்பி வைக்கப்படும்."

பழகிய வசனத்தைக் கேட்டதும் துரையின் முகம் இளகியது. இது அசல் அரசாங்கக் கடிதம்தான். லொறி வந்தது. அன்று பொழுதுபடுவதற்குள் அத்தனை பேரும் அடுத்த மேட்டிலிருக்கும் தோட்டப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள், பின்னேரம் மூன்று மணிக்கு, மலை வந்தது. நாற்பது செக்கன். ஆறு லயங்களும் பிள்ளைக் காம்பராவும் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதுதான் சிக்கலாகிவிட்டது.

பத்து நாள் கழித்து பாலாம்பிகை தொலைபேசி எடுத்தாள். குரல் தட்டையாக இருந்தது. "நிவாரணக் காரியாலயத்துல இருந்து வந்தாங்க மிஸ். மலை விழுந்தன்னைக்கு லயத்துல ஆள் இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லைங்கன்னு சொன்னோம். அப்ப பாதிக்கப்பட்ட ஆள் பூச்சியம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. வீடும் இல்ல, காணியும் இல்லையாம். கடிதத்தக் காட்டினோம். இணைப்பு இல்லாத கடிதம் செல்லாதாம். திங்கக்கெழம ஸ்கூலையும் விடணும்ங்குறாங்க. செத்திருந்தா பேர் எழுதியிருப்பாங்க போல மிஸ்."

அன்றைக்குத்தான் ஜஹானாவின் மீதான ஒழுக்காற்று விசாரணை. தெரிவுக் குழுவே விசாரணைக் குழுவாகவும் அமர்ந்தது. அதே மேசை, அதே கதிரைகள்.

"சரிவு இப்ப இல்லை. அதால மென்பொருள் தெரிவு நிண்டு போகாது," என்று வீரசிங்கம் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். "மலை போகலாம். கோப்பு போகேலாது. அது வேற விஷயம். இப்ப சொல்லும் பிள்ளை, உம்மட கடிதத்தை எந்த மென்பொருளால ஆக்கினனீர்?"

"பேனையால சேர்."

"அந்தப் பேன எங்கட களஞ்சியத்திலயா எடுத்தது?" என்றார் மர்சூக்.

"இல்ல நானா. என்ட பேன."

மர்சூக் தலையில் கை வைத்தார். சொந்தப் பேனையால் அரசாங்க வேலை. இது கடிதத்தைவிடப் பெரிய குற்றம்.

துஷானி குற்றப்பத்திரத்தை வாசித்தாள். "நீலாவத்தை மேற்பிரிவு லயங்களில் நிரந்தரமாகக் குடியிருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நூற்று அறுபத்து மூன்று பேரை, சரிவு நகர்கிறது எனக் கூறி, சபையின் பெயரில் சட்டவிரோதமாக வெளியேற்றியமை."

ஜஹானா பேனையை மூடி வைத்திருந்தாள். அந்த வசனம் அவளைக் கடந்து போய், பிறகு திரும்பி வந்தது. நிரந்தரமாகக் குடியிருந்த. சரிவு நகர்கிறது எனக் கூறி. சபையின் பெயரில் வெளியேற்றியமை. இத்தனை மாதத்தில் அரசாங்கம் அந்த மனிதர்களைப் பற்றி எழுதிய உண்மையான ஒரே வசனம் அது. அதைச் சபை ஒப்பமிட்டுத் தீர்ப்பாக்கினால், எந்த நிவாரணக் காரியாலயமும் பூச்சியம் என்று எழுத முடியாது. அவள் குற்றவாளியானால் அவர்கள் அங்கே இருந்தவர்கள் ஆவார்கள். அவள் நிரபராதியானால் அங்கே யாரும் இருக்கவில்லை.

"குற்றத்த ஒப்புக்கொள்றேன்," என்றாள்.

வீரசிங்கம் நிமிர்ந்தார். மூன்று நாள் விசாரணைக்குத் தயாராக வந்த மனிதர்.

"ஆனா குற்றப்பத்திரத்தில ஒரு குறை ஈக்குது சேர். யார் யார வெளியேத்தினேன் எண்டு இல்ல. தொகை மட்டும் போட்டா அது கருத்து. தகவல் இல்ல. நூத்தி அறுவத்திமூணு பேர்ட பேரும், அடையாள அட்டை இலக்கமும், லயம், காம்பரா இலக்கமும் இணைப்பாப் போடணும்."

துஷானி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து ஜஹானாவை நேராகப் பார்த்தாள். நீண்ட பார்வை. அவள் கெட்டிக்காரி என்று முன்பே சொன்னோம்.

"சட்டப்படி அது சரி சேர்," என்றாள் மெதுவாக. "இணைப்பு இல்லாத குற்றப்பத்திரம் செல்லாது. தீர்ப்பின்ட பிரதியை மத்தக் காரியாலயங்களுக்கும் அனுப்பணும். நானே அனுப்புறேன்."

"ஒவ்வொண்டுக்கும் இலக்கம் போட்டாச் சரி," என்றார் மர்சூக்.

வீரசிங்கத்தின் முகத்தில் ஏறக்குறைய ஒரு பாசம் தெரிந்தது. "பாத்தீரே பிள்ளை! இப்பதான் உமக்கு நடைமுறை விளங்கியிருக்கு. இதை முந்தியே விளங்கியிருந்தீரெண்டா இந்த உத்தியோகம் உமக்குப் போயிராது. எனக்கு மனவருத்தம்தான். உம்மளவுக்கு வடிவாக் குறிப்பெழுத இனி ஆர் இருக்கினம்? பின்னேரத்துக்குள்ள இணைப்பைத் தாரும்."

உத்தியோகம் போய்விட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அரூஸிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, ஜன்னல் விளிம்பில் தாளை விரித்து, பாலாம்பிகைக்கு அழைப்பெடுத்தாள்.

"அக்கா, எல்லார்ட பேரும் வேணும். மொதலாம் லயத்தில ஈந்து சொல்லுங்க."

"என்னாத்துக்கு மிஸ்?"

"நான் செஞ்ச குத்தத்துக்கு."

பாலாம்பிகை அதற்கு மேல் கேட்கவில்லை. பாடசாலை மண்டபத்துக்குள் நடந்து நடந்து, பாய்க்குப் பாய் நின்று சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருமல், குழந்தையின் அழுகை, 'இருந்தா அட்டைய எடுத்துட்டு வா' என்று அதட்டல். இரண்டு மணி நேரம் போயிற்று. ஜஹானாவின் விரல்கள் மரத்தன. நூற்று அறுபத்து மூன்றாவது பெயரை எழுதி அடிக்கோடிடப் போனாள்.

"மிஸ், இன்னொன்னு இருக்கு. மூனாம் லயத்துப் பஞ்சவர்ணத்துக்கு இங்க வந்து நாலாம் நாள் ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அதை எழுத முடியாதுல்ல? அது லயத்துல இருந்ததில்லையே."

ஜஹானா அடிக்கோடிடாமல் நிறுத்தினாள்.

"வயித்துக்குள்ள ஈந்தான்தானே அக்கா? அவனையும் நான்தான் வெளியேத்தினேன். பேர் சொல்லுங்க."

"பேரு இன்னும் வெக்கலிங்க மிஸ். ஐயர் வந்து நாள் பாத்து..."

"இப்பவே வைங்க. பின்னேரத்துக்குள்ள குடுக்கணும்."

தொலைபேசிக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ ஒரு பெயர் சொன்னார்கள். அது செத்துப்போன சித்தப்பன் பேரு, வேணாம் என்றாள் ஒருத்தி. இன்னொரு பெயருக்குப் பலர் சிரித்தார்கள். தகப்பனை அழைத்து வர ஆள் ஓடியது. ஜஹானா தாளில் 164 என்று இலக்கத்தைப் போட்டாள். அதற்கு எதிரே இடத்தை வெறுமையாக விட்டு, பேனையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.